எல் எழுத்து வரைக்கும்

மூன்றரை வயசுக் குழந்தைக்குப் பம்பாயில் இண்டர்வ்யூ வைக்கிறார்களாம். தங்கை எழுதியிருந்த இன்லண்ட் லெட்டரைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று தனியாகக் கத்தினேன். கலெக்டர் உத்தியோகத்துக்கா ஆள் எடுக்கிறார்கள்? மூக்குச் சிந்தத் தெரியாத பிள்ளையை எதிரே நிற்க வைத்து நாலு பெரிய மனிதர்கள் கேள்வி கேட்பார்களாம். ஏ முதல் இசட் வரை தடுக்காமல் சொல்ல வேண்டுமாம். காட்டுகிற எழுத்தை என்னவென்று சொல்ல வேண்டுமாம். சொல்லாத பிள்ளைக்கு ஸ்கூலில் இடம் கிடையாதாம்.

உண்மையைச் சொன்னால் என் கோபம் அந்த ஸ்கூலின் மேல் இல்லை. கடிதத்தின் மடிப்பில், ஓரமாக, "மார்ச்சில் இண்டர்வ்யூ. பிப்ரவரி கடைசியில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் அக்கா. அதற்குள் ஏபிசிடி முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிடு" என்று எழுதியிருந்தாள். அந்த வரிக்குத்தான் அத்தனை கத்தல்.

அப்போது எண்பதுகளின் நடுப்பகுதி. பொழிச்சலூரில் ஒரு வீட்டின் பின்பக்கத்துப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் தாம்பரத்தில் மின்சார ரயில்களைப் பழுது பார்க்கும் இடத்தில் பிட்டர். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளை இல்லை. குன்றத்தூர் மலை ஏறாத கிருத்திகை இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. 'விசேஷம் ஏதாவது உண்டா' என்று கேட்கிறவர்களின் வாயை அடைக்கிற மாதிரி பேச ஒரு கட்டத்தில் கற்றுக்கொண்டேன். சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு வாய் நீளம் என்று ஒரு பேர் உண்டு. அப்படி வளர்ந்த வாய்தான் அது.

தங்கைக்குப் பம்பாயில் அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. மாப்பிள்ளைக்கும் அங்கேதான். ஒரே அறை வீடு, அதிலேயே மாப்பிள்ளையின் தம்பி குடும்பமும் இருந்தது. பிரசவ லீவும் போட்ட லீவும் தீர்ந்துபோய், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், ஏழாம் மாசத்தில் என் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். "ஸ்கூல் சேக்கற வயசு வர்ற வரைக்கும்தான் அக்கா" என்று அன்றைக்கே சொன்னாள். நானும் சரி என்றேன். ஏழு மாசக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூல் வயசைப் பற்றி யார் நினைப்பார்கள்? அக்கா வீட்டில் தங்கை பிள்ளை வளர்வது எங்கள் குடும்பங்களில் சகஜம். அதற்கு யாரும் பத்திரம் எழுதி வைப்பதில்லை.

குழந்தை என்னை அம்மா என்றாள், அவரை அப்பா என்றாள். வருஷத்துக்கு ஒரு முறை மே மாசத்தில் வந்து போகிற தங்கைக்கு 'பாம்பே அம்மா' என்று பேர். முறைப்படி நான் பெரியம்மா. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவள் நான்தான். சொல்லவில்லை. அவள் என்னை அம்மா என்று கூப்பிடும்போதெல்லாம் தங்கைக்கு முகம் சுருங்கும். ஆனால் அவளும் எதுவும் சொன்னதில்லை. பிள்ளையை வளர்த்துக் கொடுக்கிறவளிடம் போய் எப்படிச் சண்டை பிடிப்பாள், பாவம்.

கடிதம் வந்த வாரமே, வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தைக்குப் போனோம். பழைய சாமான் விற்கிற வரிசையில், உடைந்த மிக்ஸிக்கும் சைக்கிள் செயினுக்கும் நடுவில் ஆங்கில எழுத்துப் புத்தகம் ஒன்று கிடந்தது. பக்கத்துக்கு ஓர் எழுத்து, கீழே படம். குழந்தை அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்றாள். வாங்கிப் புரட்டினால் சிங்கம் போட்ட எல் எழுத்தோடு புத்தகம் முடிந்துவிட்டது. பின்பாதியை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். விற்கிறவரிடம் இது என்ன கூத்து என்று கேட்டேன்.

"பாதி புக்குதான் கீது, அதுக்கு இன்னா இப்ப? மொதல்ல இத்த கத்துக்கட்டும்மா, மீதிய பொறவு பாத்துக்கலாம்" என்றார்.

சிரித்துக்கொண்டே வாங்கினேன். சத்தியமாக அப்போது என் மனசில் எந்தத் திட்டமும் இல்லை. முன்பாதியை முடித்ததும் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் முழுப் புத்தகமாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தேன். தோசைக்கல்லில் கரண்டியால் மாவை விட்டு ஏ எழுதினேன். வெந்ததும் அது ஏ மாதிரி இல்லை, ஏணி மாதிரி இருந்தது. அவள் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "ஏ" என்று சொல்லிவிட்டு ஒரு காலைக் கடித்தாள். அப்புறம் தினமும் காலையில் ஓர் எழுத்து. பி வரவே வராது, வயிறு ஒட்டிக்கொள்ளும். சி சுலபம். ஜி வந்த நாளில் எனக்கும் கல்லுக்கும் பெரிய சண்டை.

மத்தியானம் சாப்பாடான பிறகு சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் எழுத வைப்பேன். ஈ எழுத்துக்குக் குறுக்கே மூன்று கோடு என்றால் அவள் ஐந்தாறு போடுவாள், நிறைய இருந்தால்தான் அழகு என்பாள். ஏர்போர்ட் பக்கத்தில் என்பதால் எங்கள் வீட்டுக்கு மேலே விமானம் தாழப் பறக்கும். அந்தச் சத்தத்தில் பேச்சே கேட்காது. படித்துக்கொண்டிருக்கும்போது விமானம் வந்தால், எழுத்தின் மேல் விரலை வைத்தபடி வாயைத் திறந்துகொண்டு அப்படியே காத்திருப்பாள். சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து "எஃப்" என்பாள். அவளுடைய பொறுமை எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. நான் விமானத்தைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் செய்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். என் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு பிள்ளை எழுத்துக் கற்றுக்கொண்டது. அந்த மாதிரி ஒரு மத்தியானத்துக்காகத்தான் பதினோரு வருஷம் மலை ஏறியிருந்தேன்.

விஜயதசமி வந்தது. அன்றைக்குத்தான் பிள்ளையை மடியில் உட்கார வைத்து, தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, விரலைப் பிடித்து அ எழுத வைப்பது வழக்கம். பெற்றவர் மடியில்தான் உட்கார வேண்டும். தங்கை முன்கூட்டியே எழுதிவிட்டாள், "அதை மட்டும் பண்ணிவிடாதே அக்கா. பிப்ரவரியில் நான் வரும்போது நல்ல நாள் பார்த்துப் பண்ணிக்கொள்ளலாம்" என்று. கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு நான் குளித்து, புதுப்புடவை கட்டிக்கொண்டு, மடியில் உட்கார வைத்து எழுத வைத்தேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "வேணாம்னு எழுதியிருந்தாளே" என்றார். விஜயதசமியைத் தள்ளிப்போட இது என்ன கரண்ட் பில்லா என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். தமிழ் எழுத்துகள் எல்லாம் அதற்கப்புறம் மளமளவென்று வந்தன. நானும் மளமளவென்று சொல்லிக்கொடுத்தேன். தமிழால் எனக்கு ஆபத்து இல்லை. அதை வைத்து அவளை யாரும் ரயிலேற்ற மாட்டார்கள்.

ஆங்கிலம் எல்லோடு நின்றிருந்தது. முழுப் புத்தகம் வாங்க வேண்டும் வேண்டும் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் பக்கம் காய்கறி வாங்கப் போவேன், கடை கண்ணில் படும், பஸ் வந்துவிட்டது என்று ஓடி வந்துவிடுவேன். ஒரு நாள் சப்பாத்திக்கு மாவு தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவள் எதிரே உட்கார்ந்து ஏயிலிருந்து ஒப்பித்தாள். எல் என்றாள். நிற்கவில்லை. "அப்புறம் எம்" என்றாள், முகமெல்லாம் பூரிப்போடு.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. மார்ச், பிப்ரவரி, ரயில், எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் மோதின. "யாரு கேட்டா உன்னை? அதெல்லாம் அப்புறம். எல்லோட நிறுத்து" என்று ஒரு அதட்டு அதட்டினேன். கட்டையைத் தரையில் போட்ட வேகத்தில் அவள் பயந்துவிட்டாள். பூரிப்பு போய்விட்டது. மாவுக் கையோடு நான் அழுததையும் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து என் தோளில் சாய்ந்து, "எல் வரைக்கும்தான்மா" என்றாள். அதற்கப்புறம் எங்கள் போர்ஷனுக்குள் அவள் எம் என்று சொல்லவே இல்லை.

நான் அன்று ராத்திரியே கடிதம் எழுதினேன். தமிழ் நன்றாக வருகிறது, ஆங்கிலம்தான் எல் எழுத்தைத் தாண்டவே மாட்டேன் என்கிறது, நானும் தினமும் முட்டிக்கொள்கிறேன், பம்பாய் ஸ்கூலுக்கு இந்த வருஷம் தயாராக மாட்டாள், இன்னும் ஒரு வருஷம் இங்கேயே விட்டு வை, பல்லாவரத்திலேயே நல்ல நர்சரி ஸ்கூல் இருக்கிறது என்று. பொய் எழுதுவது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. அடுத்த கடிதத்தில் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். 'கவனம் நிற்பதில்லை' என்று எழுதினேன். 'கொஞ்சம் மந்தமோ என்று பயமாக இருக்கிறது' என்று எழுதினேன். என் பிள்ளையைப் பற்றி என் கையாலேயே.

முன்பக்கப் போர்ஷனில் குடியிருந்த டீச்சர் அந்த நர்சரி ஸ்கூலில்தான் வேலை பார்த்தாள். என்னைவிட வயதில் சின்னவள், கிறிஸ்தவப் பெண். டிசம்பர் ஆரம்பத்தில் ஸ்டூல் மேல் ஏறி வாசலில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். அவள் பையிலிருந்த எழுத்து அட்டைகளை எடுத்து என் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்ததாம். கேட்டதற்கு எல்லா எழுத்தையும் சொன்னதாம், தலைகீழாகக் காட்டினாலும் சொன்னதாம். "செம ஷார்ப்புக்கா உங்க பொண்ணு" என்றாள். எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. பம்பாயிலிருந்து என் தங்கை வந்தால் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். காரணத்தையும் சொன்னேன். அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தாள்.

"அவங்களா கேக்காம நான் சொல்ல மாட்டேன்கா. கேட்டா பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க கெடுதல் பண்றது உங்க தங்கச்சிக்கு இல்ல, அந்தக் கொழந்தைக்குப் பண்றீங்க" என்றாள்.

உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று முழுக்க அவள் மேல் எரிச்சலாக இருந்தது.

தங்கை பிப்ரவரி வரை பொறுக்கவில்லை. மந்தம் என்ற ஒரு வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லையாம். லீவு போட்டுக்கொண்டு டிசம்பரிலேயே, சொல்லாமல் கொள்ளாமல், வாசலில் வந்து நின்றாள். பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை. பம்பாயில் வாங்கிய பளபள எழுத்து அட்டைகளை எடுத்துக்கொண்டு குழந்தையை எதிரே உட்கார வைத்தாள். நான் அடுப்படி வாசலில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குழந்தை ஏயிலிருந்து எல் வரை தண்ணீர் மாதிரி சொன்னாள். தங்கையின் முகம் மலர்ந்தது. எம் அட்டையை வைத்தாள். குழந்தை அட்டையைப் பார்த்தாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு தலையாட்டல் போதும். 'சொல்லும்மா' என்று ஒரு வார்த்தை போதும். நான் குனிந்து காம்பை நறுக்கினேன்.

"தெரியாது" என்றாள் குழந்தை.

அடுத்த அட்டை. தெரியாது. அதற்கடுத்தது. தெரியாது. பதினான்கு அட்டைகள். பதினான்கு முறையும் என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். மூன்றேகால் வயசில் அவள் சொன்ன முதல் பொய் அது. நான் சொல்லிக்கொடுத்தது.

தங்கை கோபப்பட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அதற்குத்தான் தயாராக இருந்தேன். அவள் கொல்லைப்பக்கம் போய்த் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து அழுதாள். நான் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் தப்பு அக்கா. பெத்துப் போட்டுட்டு எல்லாத்தையும் உன் தலையில கட்டிட்டேன். நீ ஒருத்தி எவ்வளவுதான் பண்ணுவ? சம்பளம் போனாலும் பரவால்ல, மார்ச் வரைக்கும் லீவு சொல்லிட்டு நானே கூட உக்காந்து சொல்லித் தரேன். இந்த வாரமே கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள்.

இன்னும் ஒரு வருஷம் என்று நான் வாயெடுத்தேன். ஏற்கெனவே லேட் பண்ணிவிட்டேன், இனிமேல் ஒரு நாள்கூட முடியாது என்றாள். அப்புறம் குழந்தையிடம் போய் அவள் புரிந்துகொள்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள், "உனக்கு ஏபிசிடி முழுசாத் தெரியலல்ல கண்ணு? அதனாலதான் நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன். நாம பாம்பேல படிக்கலாம்" என்று.

ரயில் நாலு நாள் கழித்து. நாலு நாள் அவகாசம் என்னிடம் இருந்தது. துணி மடிக்கும்போது சொல்லியிருக்கலாம், தலை வாரும்போது சொல்லியிருக்கலாம். அவளுக்கு எல்லாம் தெரியும், நான்தான் வாயைக் கட்டினேன் என்று ஒரே ஒரு வரி. சொன்னால் தங்கை இனி ஜென்மத்துக்கும் பிள்ளையை என்னிடம் விட மாட்டாள் என்று பயந்தேன். லீவுக்காவது அனுப்புவாளே என்று கணக்குப் போட்டேன். இப்படி நினைக்கிறவளுக்கு அம்மா என்று என்ன பேர் வேண்டிக்கிடக்கிறது? முன்பக்கத்து டீச்சர் வாசலில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள். தங்கை அவளிடம் எதையும் கேட்கவில்லை. கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அக்கா பொய் சொல்வாள் என்று எந்தத் தங்கை நினைப்பாள்?

பல்லாவரத்தில் மின்சார ரயில் பிடித்து, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே சென்ட்ரலுக்கு நடந்தோம். அவர் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். காலை நேரக் கூட்டம். தங்கைக்கும் குழந்தைக்கும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் வெளியே நின்று கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதுவரை அவள் அழவில்லை. ரயிலில் ஏற்றியது வேடிக்கை என்று நினைத்திருந்தாள் போல. நான் ஏறாமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

கம்பியில் முகத்தை வைத்து என்னைக் கிட்டே கூப்பிட்டாள். ரகசியம் பேசுகிற குரலில் கேட்டாள்.

"அம்மா, நான் முழுசா சொல்லிடட்டுமா? சொன்னா இறங்கிடலாமா?"

நான் பதில் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள். எம், என், ஓ, பி. ஒவ்வோர் எழுத்துக்கும் என் முகத்தைப் பார்த்தாள். அதட்டு வருமோ என்று பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், ஐயோ, அப்போது போய்த் தலையை ஆட்டினேன். க்யூ, ஆர், எஸ். குரல் உயர்ந்தது. விசில் ஊதினார்கள். அவள் வேகமாகச் சொன்னாள், தப்பே இல்லாமல், முடித்துவிட்டால் ரயில் நின்றுவிடும் என்று. டபிள்யூ, எக்ஸ். வண்டி நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். "ஒய், இசட்! அம்மா, இசட் சொல்லிட்டேன்" என்று கத்தினாள். கால் என் கையிலிருந்து நழுவியது.

தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வண்டி வேகம் எடுக்கும்போது அவள் என்னைப் பார்த்தாள். கோபத்தோடு பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ ஒரு பொம்பளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

திரும்பி வரும் வழியில், கிண்டி தாண்டிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் குழந்தையைத் தோளில் தூக்கிப் போவார், ரயில் காட்ட என்று நினைத்திருந்தேன். அங்கே போர்டில் இருக்கிற எழுத்தையெல்லாம் அவள் கேட்பாளாம், இவர் சொல்வாராம். எக்ஸ்பிரஸ் வண்டிகளின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் எழுதியிருக்கிற பெரிய எக்ஸ் அவளுக்கு ரொம்பப் பிடிக்குமாம். போர்டில் கிடைக்காததைப் பிளாட்பாரத் தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினாராம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அந்தக் கூட்டத்தில் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் கையை விலக்கவில்லை. "புள்ள வாய் தொறந்து கேக்குது. தெரியாதுன்னு எப்பிடிம்மா சொல்றது?" என்றார். பல்லாவரம் வரும்வரை நான் அவர் தோளில்தான் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

போய்ச் சேர்ந்ததாக ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அப்புறம் ஒன்றரை மாசத்துக்கு எதுவும் இல்லை. பிப்ரவரியில் ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. எப்போதும் விசாரிப்பும் குசலமுமாக இரண்டு பக்கம் நிரப்புகிறவள், இந்தத் தடவை பாதிப் பக்கம்தான் எழுதியிருந்தாள். குழந்தை ஒரு எழுத்துகூடச் சொல்ல மாட்டேன் என்கிறாள். எல் வரைக்கும்கூட இல்லை. கெஞ்சிப் பார்த்தாயிற்று, அடித்தும் பார்த்தாயிற்று. ரயிலில் அன்றைக்குச் சொன்னாயே என்று கேட்டால், "சொன்னேனே, யாரும் என்னை இறக்கிவிடலயே" என்கிறாள்.

கடைசியில் இப்படி எழுதியிருந்தாள். "நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் அதற்கப்புறம் நமக்குள் பேச ஒன்றும் இருக்காது. அவள் நீ சொன்னால்தான் கேட்பாள் அக்கா. மார்ச் ஏழாம் தேதி இண்டர்வ்யூ. அவளுக்கு ஒரு கடிதம் எழுது. நான் படித்துக் காட்டுகிறேன்."

அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினேன். 'கண்ணு, எல்லாத்தையும் சொல்லு, இசட் வரைக்கும் சொல்லு, நான் திட்ட மாட்டேன்' என்று எழுதினேன். 'அழ மாட்டேன்' என்று எழுதினேன். 'அம்மா கேட்கும்போது சொல்லு' என்று எழுதிவிட்டு நின்றுபோனேன். அம்மா என்றால் அவளுக்கு நான். பம்பாயில் உட்கார்ந்துகொண்டு, நான் வந்து கேட்பேன் என்று காத்துக்கொண்டிருப்பாள். அந்த லெட்டரைக் கிழித்தேன். இன்னொன்றில் 'பாம்பே அம்மா' என்று எழுதினேன். அப்படி எழுதினாலும் நான் இன்னொரு அம்மாவாக மிச்சம் இருந்தேன். மார்ச் மாசத்தில் நாலு பேருக்கு முன்னால் நின்று திரும்பித் திரும்பி என் முகத்தைத் தேடுவாள். அதையும் கிழித்தேன்.

மூன்றாவது லெட்டரில் எழுதினேன். 'உன் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறாளே, அவள்தான் உன் அம்மா. அவள் கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நான் உன் பெரியம்மா. இனிமேல் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட வேண்டும்.' அதற்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் எம்மிலிருந்து இசட் வரை பதினான்கு எழுத்துகளையும் பெரிது பெரிதாக எழுதினேன். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, கோந்து தடவி ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

இண்டர்வ்யூவில் எல்லாவற்றையும் சொன்னாளாம். இடம் கிடைத்துவிட்டதாம். ஒரு வரியில் எழுதியிருந்தாள் தங்கை.

மே மாசம் இரண்டு பேரும் வந்தார்கள். அனுப்ப மாட்டாள் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன், கூடவே கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்கு நான் அவள் காலில் விழ வேண்டும். சென்ட்ரலில் பெட்டியிலிருந்து குழந்தையைத் தங்கை இறக்கிவிட்டாள். கொஞ்சம் உயரமாகியிருந்தாள், முடியை வெட்டியிருந்தார்கள். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு "பெரியம்மா" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

ஒரு தடவைகூடத் தவறவில்லை. வாய் தவறி அம்மா என்று வரும் என்று அந்த மாசம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன், தூக்கத்தில்கூட வரவில்லை. நான் ஒன்றைச் சொன்னால் அப்படியே கேட்கிற பிள்ளை அவள். அன்றைக்குப் பிளாட்பாரத்தில் "வா கண்ணு" என்று அவளைத் தூக்கிக்கொண்டேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தன் அம்மா எங்கே வருகிறாள் என்று என் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள்.